படம் முடிந்த பிறகு நடந்தது

நாமகிரிப்பேட்டை, சீராப்பள்ளி, ஆயில்பட்டி, மங்களபுரம் பக்கத்தில் சொந்தத் தொழில் தொடங்கக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு,

மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியே காலம் போன ஆள் நான். நோட்டில் ஒரு திட்டத்தை எழுதிக்கொண்டு வந்து, "பார்த்துச் சொல்லுங்கய்யா" என்று கேட்கிறவர்கள் இப்போது கூடியிருக்கிறீர்கள். சந்தோஷம். மஞ்சள்பொடி பாக்கெட், மரவள்ளி சிப்ஸ், மருந்து தெளிக்க டிரோன் வாடகை என்று ஆளுக்கொரு யோசனை. ஆனால் எல்லார் நோட்டிலும் முதல் வரி ஒன்றாகவே இருக்கிறது: அடுத்தவனைவிட விலை குறைத்துக் கொடுப்போம். எப்படிக் கட்டுப்படியாகும் என்று கேட்டால் பாதிப் பேர் வாயில் 'சூரரைப் போற்று' வந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல்.

படத்தைக் குறை சொல்ல வரவில்லை. 2020 தீபாவளியை ஒட்டி, தியேட்டரெல்லாம் இன்னும் சரியாக எழுந்திராத நேரத்தில் வீட்டுக்குள் வந்த படம். சோழவந்தான் நெடுமாறன் விமானம் விட்டபோது நானும்தான் எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் கடைசியில் ஒரு காட்சி வருகிறது, ஞாபகம் இருக்கிறதா? சாராயக் கம்பெனிக்காரர் பாலையா கூட்டுச் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்கிறார். மாறன் முடியாது என்று சொல்லிவிடுகிறான். நிஜத்தில் மாறன் இடத்தில் இருந்த மனிதர் ஒத்துக்கொண்டார். நீங்கள் படிக்க வேண்டிய கணக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது.

அந்த நிஜ மனிதர் கேப்டன் ஜி.ஆர். கோபிநாத். கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டம், கோரூர்க்காரர். பட்டாளத்தில் இருந்தார், 1971 வங்கதேசப் போரைப் பார்த்தார், விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். ஹேமாவதி அணையில் குடும்பத்து நிலம் மூழ்கிப்போக, அதற்கு மாற்றாகக் கிடைத்த கரட்டு நிலத்தில் ஜாவகல் பக்கம் குடிசை போட்டு விவசாயம் செய்தார். தென்னை வைத்தார், பட்டுப்புழு வளர்த்தார். அந்தப் பட்டுப்புழு வேலைக்குத்தான் 1996இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நடுவில் மோட்டார் சைக்கிள் ஏஜென்சி, ஓட்டல், தேர்தலில் நின்று தோற்றது எல்லாம் உண்டு. 1997இல் பட்டாளத்து நண்பர் கேப்டன் சாமுவேலோடு சேர்ந்து ஹெலிகாப்டர் வாடகைக்கு விடும் டெக்கான் ஏவியேஷனைத் தொடங்கினார். 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான் பறந்தது. நம்மைப்போல் மண்ணைக் கிண்டியவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் சொல்வதில் கசப்பு தெரிந்தால் அது அவர்மேல் உள்ளதில்லை.

அவர் விலையைக் குறைத்தது வெறும் தைரியத்தில் அல்ல. ஒவ்வொரு செலவாகப் பிடுங்கிப் போட்டார். விமானத்தில் இலவசச் சாப்பாடு கிடையாது, தண்ணீர் வேண்டுமென்றாலும் காசு. ஏஜெண்டுக்குப் போகும் கமிஷனை மிச்சப்படுத்த இணையத்தில் டிக்கெட். இணையம் இல்லாதவருக்குப் பெட்ரோல் பங்கில் டிக்கெட். பெரிய விமானங்கள் எட்டிப் பார்க்காத ஹூப்ளி மாதிரி ஊர்களுக்கு, 48 பேர் உட்காரும் ஏடிஆர் விமானத்தைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டினார். விமானத்தின் உடம்பிலேயே விளம்பரம் எழுத இடம் விற்றார். சின்னமாக ஆர்.கே. லக்ஷ்மணின் காமன் மேன், அந்தக் கட்டம்போட்ட கோட்டுக்காரக் கிழவர். 2003 செப்டம்பரில் ஐதராபாத்திலிருந்து விஜயவாடாவுக்கு முதல் விமானம் கிளம்பும்போது எஞ்சினில் தீப்பிடித்தது. உள்ளே வெங்கையா நாயுடு உட்பட முக்கியஸ்தர்கள். வேறு கம்பெனியாக இருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். இது எழுந்து நின்றது. மூன்று நான்கு வருடத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பறந்தது.

ஏர் டெக்கான் விற்ற ஒரு ரூபாய் டிக்கெட்டைப் பற்றி உங்களில் பலருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. எல்லா சீட்டும் ஒரு ரூபாய்க்கு விற்கவில்லை. ரொம்ப முன்னாலேயே எடுப்பவர் சிலருக்கு மட்டும் அந்த விலை. நாள் நெருங்க நெருங்க ஏறும். கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர் நிறையக் கொடுப்பார். எல்லாரும் கொடுத்ததைக் கூட்டி, அன்றைக்கு அந்த விமானம் பறந்த செலவை அது தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் கணக்கு. தாண்டவில்லை என்பதுதான் நடந்தது.

ஏன் தாண்டவில்லை? இதை நம் ஊர்ப் பண்டத்தை வைத்துச் சொன்னால்தான் புரியும். 2010 கடைசியில் மஞ்சள் குவிண்டால் பதினேழாயிரம் வரை போனதை உங்கள் அப்பாவைக் கேளுங்கள், சொல்வார். இரண்டே வருடத்தில் நாலாயிரத்துக்கு வந்துவிட்டது. அப்போது என்ன செய்தோம்? விரலியையும் உருண்டையையும் மூட்டை கட்டி அடுக்கிவைத்துக் காத்திருந்தோம். வண்டு விழும், எடை குறையும், வட்டி ஏறும், இருந்தாலும் காத்திருக்க முடிந்தது. விமான சீட்டுக்கு அந்த வழி கிடையாது. கதவைச் சாத்திய நிமிடத்தில் காலி சீட்டின் விலை பூஜ்யம். அதனால் விற்பவனுக்கு எப்போதும் ஒரு சபலம் உண்டு: விமானம் எப்படியும் பறக்கத்தான் போகிறது, பைலட்டுக்குச் சம்பளம் கொடுத்தாயிற்று, எண்ணெய் ஊற்றியாயிற்று, இன்னும் ஒருவர் ஏறினால் கூடுதல் செலவு ஒன்றுமில்லை, நூறு ரூபாய் வந்தாலும் லாபம்தானே! ஒவ்வொரு சீட்டுக்கும் தனியாகப் பார்த்தால் இந்த வாதம் சரி. எல்லா சீட்டையும் இதே வாதத்தில் விற்றால் கம்பெனி போயிற்று. பக்கத்துக் கம்பெனியும் இதையே செய்தால் இரண்டும் போயிற்று.

அதுதான் 2005க்குப் பிறகு நடந்தது. அந்த மே மாதம் கிங்ஃபிஷரும் ஸ்பைஸ்ஜெட்டும் வந்தன. நவம்பரில் கோஏர். 2006 ஆகஸ்டில் இண்டிகோ. நாலு பேரும் ஒரே ஆகாயத்தில் விலையை வெட்டினார்கள். பைலட்டுகளுக்குத் தட்டுப்பாடு, சம்பளத்தை ஏற்றி ஏற்றி ஆள் இழுத்தார்கள். விமானக் குத்தகை டாலரில் கட்ட வேண்டும். விமான எண்ணெய்க்கு மாநிலங்கள் போடும் வரி வேறு. தமிழ்நாட்டில் அது 29 சதவீதம். டிக்கெட் ரூபாயில், அதுவும் வெட்டிய விலையில். டெக்கானுக்கு இன்னொரு பாரமும் சேர்ந்தது. சின்ன ஏடிஆரும் பெரிய ஏர்பஸ்ஸும் கலந்து ஓட்டினார்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பைலட், தனித்தனி மெக்கானிக், தனித்தனி உதிரிபாகம். கோபிநாத் யாரைப் பார்த்து இந்த யோசனைக்கு வந்தாரோ அந்த அமெரிக்கச் சவுத்வெஸ்ட் கம்பெனி ஒரே வகை போயிங் விமானத்தையே கட்டிக்கொண்டு அழுதது. இண்டிகோ முதல் பத்து வருடம் ஏர்பஸ் 320ஐ விட்டு அசையவில்லை. கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் மலிவு விலை இந்த அலுப்பில்தான் பிழைக்கிறது.

2006 மே மாதம் பங்கு வெளியிட்டார்கள். சந்தை அப்போது சரிந்துகொண்டிருந்தது. கேட்ட விலையைக் குறைத்து, தேதியை நீட்டித்து ஒருவழியாக விற்றார்கள். அந்தப் பணமும் எண்ணெயில் போயிற்று. 2007இல் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் 26 சதவீதப் பங்கை ஏறக்குறைய 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

மல்லையாவுக்கு எதற்கு ஒரு ரூபாய் டிக்கெட் கம்பெனி? அன்றைக்கு ஒரு விதி இருந்தது. ஐந்து வருடம் உள்நாட்டில் ஓட்டி, இருபது விமானமும் வைத்திருந்தால்தான் வெளிநாட்டுக்குப் பறக்கலாம். அவருடைய கிங்ஃபிஷர் 2005இல் பிறந்தது, 2010 வரை காத்திருக்க வேண்டும். டெக்கானுக்கு 2008 ஆகஸ்டில் ஐந்து வயது. இரண்டையும் சட்டப்படி ஒன்றாக்கினார்கள். 2008 செப்டம்பரில் கிங்ஃபிஷர் பெங்களூரிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. அந்த 550 கோடிக்கு மல்லையா வாங்கியதில் விலைமதிப்புள்ள சரக்கு டெக்கானின் வயதுதான் என்பது என் அபிப்பிராயம்.

காமன் மேன் கிழவர் இறங்கிப் போனார். ஏர் டெக்கான் முதலில் சிம்ப்ளிஃப்ளை டெக்கான் ஆனது, பிறகு கிங்ஃபிஷர் ரெட் ஆனது. மலிவு விமானத்துக்கும் பகட்டு விமானத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் விலை ஏறியது. பழைய பயணிகள் சத்தம் போடாமல் இண்டிகோவுக்கு மாறினார்கள். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அதே வருடக் கடைசியில் உலகப் பொருளாதாரம் விழுந்து, பகட்டு சீட்டில் உட்காருகிறவர்களும் குறைந்தார்கள். 2011 செப்டம்பரில் மலிவு விமானமே இனி வேண்டாம் என்று மல்லையா அறிவித்தார். கோபிநாத் கட்டியது எட்டு வருடத்தில் பெயர்கூட இல்லாமல் முடிந்தது.

கிங்ஃபிஷரின் கடைசி வருடத்தை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எண்ணெய்க் கம்பெனிகள் கடன் தர மறுத்தன, அன்றன்றைக்குக் காசு கொடுத்தால்தான் எண்ணெய். ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. சம்பளத்தில் பிடித்த வருமான வரியைக்கூட அரசாங்கத்துக்குக் கட்டவில்லை. சம்பளமும் வராமல், வரிப் பிடித்தமும் கணக்கில் ஏறாமல் நின்றார்கள் அந்த ஊழியர்கள். 2012 செப்டம்பர் கடைசியில் வேலைநிறுத்தம், அக்டோபரில் உரிமம் நிறுத்தம். ஸ்டேட் வங்கி தலைமையில் 17 வங்கிகள் கடன் கொடுத்திருந்தன. வட்டியோடு சேர்த்து அது 9,000 கோடியைத் தாண்டியது. 2016 மார்ச்சில் மல்லையா நாட்டைவிட்டுப் போனார்.

ஏலம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நீங்கள், அதனால் இதையும் கேளுங்கள். கடனுக்கு ஈடாக வங்கிகள் வாங்கி வைத்திருந்ததில் கிங்ஃபிஷர் என்கிற பெயரும் அந்த மீன்கொத்திச் சின்னமும் உண்டு. 2016 ஏப்ரலில் அவற்றை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆரம்ப விலை 366 கோடியே 70 லட்சம். ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய மாதம் மும்பை விமான நிலையம் பக்கத்திலிருந்த அவர்கள் தலைமை அலுவலகக் கட்டடத்தை 150 கோடி என்று வைத்தார்கள். அதற்கும் கேள்வி இல்லை. விலையை இறக்கி இறக்கி, 2021இல் சுமார் 52 கோடிக்கு விற்றது. நம் செவ்வாய்க்கிழமை ஏலத்தில் வண்டு விழுந்த மூட்டையைக்கூட யாராவது ஒருவர் ஒரு விலை கேட்டுவிடுவார். பறக்கிற விமானத்தின்மேல் இருந்தவரைதான் அந்தப் பெயருக்குக் கோடி மதிப்பு.

இதெல்லாம் பெங்களூர், மும்பைக் கதை என்று நினைக்காதீர்கள். நம் சேலம் கமலாபுரம் விமான நிலையம் இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். 1990களின் முதற்பகுதியில் அது திறந்தபோது சென்னைக் கம்பெனியான என்இபிசி விமானம் விட்டது. கொஞ்ச காலத்தில் நின்றது. 1997 வாக்கில் அந்தக் கம்பெனியே இல்லை. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்கு விட்டது, 2011இல் நிறுத்தியது. 2018 மார்ச்சில், உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. உடானில் பாதி சீட்டுகளுக்கு விலை உச்சவரம்பு, ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் அளவில். குறைகிற பணத்தை மூன்று வருடத்துக்கு அரசு ஈடுகட்டும். கொரோனாவில் அதுவும் தடுமாறி நின்றது. 2022 பிப்ரவரியில் ட்ரூஜெட் கம்பெனியே பறப்பதை நிறுத்திவிட்டது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. ஓடுகிறவரை நல்லது. இந்த நிலையத்தைப் பெரிதாக்க இன்னும் 570 ஏக்கர் வேண்டும் என்று 2018இல் அளக்க வந்தபோது அந்தப் பக்கத்து விவசாயிகள் மறித்ததும் உங்களுக்குத் தெரியும். விமானம் வரும் போகும், கொடுத்த காடு திரும்பாது என்று அவர்கள் பயந்ததில் எனக்கு ஒன்றும் தப்புத் தெரியவில்லை.

தமிழ்நாட்டு ஆட்களும் இந்தத் தொழிலில் கை வைத்துப் பார்த்தார்கள். மதுரையையும் சென்னையையும் வைத்துக் கிளம்பிய பாரமவுண்ட் 2010இல் முடிந்தது. கோயம்புத்தூர் ஏர் கார்னிவல் 2016இல் தொடங்கி அடுத்த வருடமே நின்றது. ஸ்பைஸ்ஜெட்டை 2010இல் வாங்கிய கலாநிதி மாறன் 2015 தொடக்கத்தில் பழைய ஆளிடமே கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அதற்குச் சற்று முன், 2014 டிசம்பரில் ஒருநாள், எண்ணெய் தர மறுத்ததால் ஸ்பைஸ்ஜெட் விமானங்கள் மணிக்கணக்கில் தரையில் நின்றன. அவ்வளவு பெரிய கையே சுட்டுக்கொண்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கம்பெனிகள் எல்லாம் விலை குறைத்ததால் செத்தன என்று நான் சொல்லவில்லை. இண்டிகோவும் விலை குறைத்துத்தான் இன்று நாட்டிலேயே பெரிதாக நிற்கிறது. கோபிநாத் சொன்னது சரிதான்: ரயிலில் போகிறவனும் பறப்பான், விலையை அவன் கைக்கு எட்ட வை. அவர் வராமல் போயிருந்தால் நம் பிள்ளைகள் பாதிப் பேர் இன்றும் விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருப்பார்கள். ஆனால் விலைக்கும் அடக்கத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தால், அதில் யாரோ ஒருவருடைய பணம் விழுந்துகொண்டே இருக்கிறது. ஏர் டெக்கானில் அது பங்கு வாங்கியவர்களுடையது. கிங்ஃபிஷரில் வங்கியில் போட்டு வைத்தவர்களுடையதும், ஏழு மாதம் சம்பளம் வராத ஊழியர்களுடையதும். உடானில் அரசாங்கத்துடையது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட், அதாவது அந்தப் பழைய கோஏர், திவால் மனு போட்டுவிட்டு மறுநாளே பறப்பதை நிறுத்தியது. அப்போது சிக்கியது, கோடை விடுமுறைக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்த குடும்பங்களுடைய பணம். எஞ்சின் செய்து கொடுத்த அமெரிக்கக் கம்பெனிமேல் கோ ஃபர்ஸ்ட் பழி போட்டது. அது பாதி நிஜமாகவே இருக்கட்டும். டிக்கெட் எடுத்தவர் தெரியாமலே கடன் கொடுத்தவர் ஆகிவிட்டார், அதுவும் வட்டியில்லாமல், ஈடு இல்லாமல், வரிசையில் கடைசி ஆளாக. 2025 ஜனவரியில் அந்தக் கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்கத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது.

உங்கள் நோட்டுகளில் இந்தப் பள்ளம் யார் கணக்கில் இருக்கிறது என்று நான் தேடுவேன். மஞ்சள்பொடி பாக்கெட் போடப் போகும் ஒருவர் காட்டிய கணக்கில் எல்லாம் அழகாகக் கூடி வந்தது. கேட்டுப் பார்த்தால், வாங்கும் மஞ்சளுக்கு விவசாயிக்குப் பட்டுவாடா தொண்ணூறு நாள் கழித்து என்று போட்டிருக்கிறார். அந்தத் தொண்ணூறு நாளில்தான் அவருடைய மலிவு விலை உட்கார்ந்திருக்கிறது. ஆயில்பட்டியில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் தன் பிள்ளை காலேஜ் கட்டணத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டிக்கொண்டு, நகரத்தில் யாரோ ஒருவருக்குப் பாக்கெட் பத்து ரூபாய் குறைவாகக் கிடைக்க முதலீடு போடுகிறார். அவருக்கே அது தெரியாது. கணக்கில் 'நிலுவை' என்று ஒரே வார்த்தை.

கோபிநாத்தைப் பற்றி இன்னும் ஒன்று. அவர் ஓய்ந்துவிடவில்லை. 2009இல் டெக்கான் 360 என்று சரக்கு விமானம் தொடங்கினார். சில வருடத்தில் அதுவும் கடனில் நின்றது. 2017 டிசம்பரில் உடான் திட்டத்தில் ஏர் டெக்கான் என்ற பெயரையே மறுபடி பறக்கவிட்டார், சின்னச் சின்ன விமானங்களோடு. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கில், அதுவும் நின்றது. இந்த மூன்றாவது நான்காவது முயற்சிகளையெல்லாம் படமாக எடுக்க யாரும் வரமாட்டார்கள். எனக்கென்னவோ அவர் அங்கேதான் சூரர்.

சரி, நோட்டோடு வருகிறவர்களுக்கு: விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு வாருங்கள். விற்கிற விலை அடக்கத்தைவிடக் குறைகிற ஒவ்வொரு மாதமும், அந்தக் குறையைக் கட்டப் போகிறவர் பெயர் அதில் இருக்க வேண்டும். அப்பாவா, பேங்கா, கூட வேலை செய்கிற பிள்ளைகளா, சரக்குக் கொடுத்த விவசாயியா? அவரிடம் போய்ச் சொல்லிவிட்டீர்களா, அவர் சரி என்றாரா, எத்தனை மாதத்துக்குச் சரி என்றார்? அதையும் எழுதுங்கள். பெயர் எழுதாத நோட்டை நான் பிரிக்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை ஏலம் முடிந்து எடை போடும் நேரத்தில் வராதீர்கள், தலை நிமிர நேரம் இருக்காது. புதன்கிழமை காலையில் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை